கூடை யாருடையது

ஒரு டச்சுக் கால்வாயின் கரையில், நாணல் புதரில் பழைய பிரம்புக் கூடை ஒன்று சிக்கிக் கிடந்தது. கப்பலில் வந்து இறங்கிய மைனா ஒன்று அதில் வைக்கோல் பரப்பிக் குடியிருந்தது. அதற்கு ஆங்கிலமும் தெரியும், டச்சும் தெரியும். பறவைகளுக்குள் தகராறு என்றால் மொழிபெயர்க்க அதைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் பேச்சின் நடுவே சொந்தச் சரக்கை நுழைக்கக் கூடாது என்பதில் மைனா படு கறார்.

ஒருநாள் இரை தேடிவிட்டுத் திரும்பினால், கூடைக்குள் இங்கிலாந்துக் கடற்காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. எதிரே உள்ளூர் வாத்து கத்திக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க மைனா," என்றது கடற்காகம். "இந்தக் கூடை என்னோடதுன்னு அதுகிட்ட சொல்லுங்க."

மைனா கூடைக்குள் தான் பரப்பிய வைக்கோலைப் பார்த்தது. ஆனாலும் வேலை வேலைதானே. "இந்தக் கூடை என்னோடது!" என்று டச்சில் சொன்னது.

"என் கரையில கிடக்கிறது என்னோடதுதான்!" என்றது வாத்து. அதையும் மைனா அதே கோபத்தோடு ஆங்கிலத்தில் சொன்னது. இரண்டு மொழியிலும் 'என்னோடது' என்று கத்தியாயிற்று. ஒருமுறைகூடத் தனக்காக இல்லை.

கடைசியில் பகலில் வாத்துக்கு, இரவில் கடற்காகத்துக்கு என்று சமாதானமாயிற்று.

"பிரமாதமான வேலை! அடுத்த தடவை கூப்பிடணுமே, உங்க வீடு எங்கே?" என்று மைனாவிடம் கேட்டது கடற்காகம்.

பழக்கதோஷம். மைனா வாத்தின் பக்கம் திரும்பி, "உங்க வீடு எங்கே?" என்று டச்சில் கேட்டது.

"இதோ, இந்தக் கூடைதான்," என்றது வாத்து.

"இதோ, இந்தக் கூடைதான்," என்று மைனா ஆங்கிலத்தில் சொன்னது.

கடற்காகம் வாத்தைப் பார்த்துத் தலையாட்டியது.