யாரோ ஓர் ஏழையின் பசி

லெந்து என்னும் தவக்காலம் தொடங்கியதும் பாளையங்கோட்டை சபையில் வசதியுள்ளவர்கள் எல்லாரும் சபை கொடுத்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டார்கள். இனி உபவாசம் தேவையில்லை. யாரோ ஓர் ஏழையின் பசி அந்தப் பட்டை வழியே நம் வயிற்றுக்கு வந்துவிடும். நாம் என்ன தின்றாலும் அடங்காது. அந்த வயிற்றில் விழுவதுதான் நம் வயிற்றிலும் விழும். ஆள் யாரென்று சொல்லமாட்டார்கள்.

பெனிட்டாவுக்கு வாய்த்தது கொடும் பசி. மலைக்கிராமத்து ஆளாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவுகட்டி, மலைக்கு அரிசி மூட்டைகள் அனுப்பினாள். அழுது ஜெபித்தாள். பசி குறையவில்லை.

அன்று வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, தாங்கமாட்டாமல் அடுக்களைக்குள் போனாள். வேலைக்கு வரும் ரூபி விடியற்காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாள். அவளும் அதே சபைதான், கடைசி பெஞ்சு.

"ஏளா ரூபி, கொஞ்சம் தண்ணி தா. வயிறு காந்துது."

ரூபி டம்ளர் நிறைய மோந்து கொடுத்தாள்.

"நீ சாப்ட்டியா?"

"அப்பவே சாப்ட்டாச்சுக்கா."

சொல்லிவிட்டுத் திரும்பிய ரூபி, குழாயைத் திறந்து கையில் ஏந்தி மடக்மடக்கென்று குடித்தாள்.

பெனிட்டாவின் வயிற்றுக்குள் தண்ணீர் சில்லென்று இறங்கியது. தன் கையிலிருந்த டம்ளரில் அவள் இன்னும் வாய்கூட வைக்கவில்லை.