மேடையின் உயரம்

"சமைக்கிறவங்களைக் கொஞ்சம் வந்து நிக்கச் சொல்லுங்க. மேடை ஒசரம் பாக்கணும்" என்றார் பச்சமுத்து மேஸ்திரி.

காசிநாதன் மேற்குச் சுவரைக் கை காட்டினான்.

புகை படிந்த சுவரில் இடுப்பளவு உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் இழுத்த ஒரு கோடு இருந்தது. அதை இழுத்தவள் அவன் மனைவி அம்சவள்ளி. போன ஆவணியில், எட்டு மாத வயிற்றோடு சுவரோரம் நின்று, முழங்கைக்குக் கீழே அரைச் சாண் அளந்து இழுத்தது.

"அவங்க எங்கீங்க?"

"இல்ல மேஸ்திரி. பொரட்டாசியில தவறிட்டா."

மேஸ்திரி சின்னசேலத்துக்காரர். இந்த ஊரில், வடக்கனந்தலில், நடந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. இழுத்த டேப்பைத் திரும்பச் சுருட்டினார்.

அம்சவள்ளி பன்னிரண்டு வருடம் தரையில் குந்தியே சமைத்தவள். சின்னசேலத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் புதுமனைக்குப் போனபோதுதான் முதன்முதலாக நின்றுகொண்டு சமைக்கிற மேடையைப் பார்த்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் வேறு பேச்சே பேசவில்லை.

அந்த வீட்டில் ரோஜா நிறத்தில் பூப்போட்ட கல் பதித்திருந்தார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பூப்போட்டது நாலு வருசத்துல பழசாயிடுங்க. மேடைக்குக் கறுப்புக் கடப்பா, செவுத்துக்கு வெள்ளைக் கல்லு. இருவது வருசம் கழிச்சி வர்றவங்களும் இது எப்பக் கட்டுனதுன்னு கேக்கணும்."

சன்னல் மேற்கே வைக்க வேண்டும் என்றாள். கிழக்கே பார்த்துத்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. அவள் கேட்கவில்லை. கல்வராயன் மலையில் மழை இறங்குவது அடுப்படியிலிருந்தே தெரிந்தால், காய்கிற நெல்லை ஓடிப்போய் அள்ளிவிடலாம் என்றாள்.

கல்லைத் தேர்ந்தெடுத்துக் கடையில் சொல்லிவிட்டும் வந்தாள். அதற்குள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர் ஊராகச் செய்தி வந்தது. லாரி ஓடாது என்று தெரிந்ததும், மறியல் முடிந்து வரட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

கல் தை மாதம் வந்தது.

கூடத்திலிருந்து மணிமொழி டீ கொண்டு வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். இப்போது பள்ளிக்கூடம் போகும் முன் சோறு வடித்துவிட்டுப் போவது அவள்தான். மேஸ்திரி அவளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"பாப்பாதான் சமைக்குதா? இந்த ஒசரம் அதுக்கு ஜாஸ்தியாச்சே. அரையடி கம்மி பண்ணிக்கலாமா?"

காசிநாதன் வாய் திறப்பதற்குள் மணிமொழி சொன்னாள். "வாணாங்க. அம்மா போட்ட கோட்டுக்கே கட்டுங்க. நான் வளந்துடுவேன்."

மேஸ்திரி தலையை ஆட்டினார். கோட்டின் மேலேயே டேப்பை வைத்து அளந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"உடம்புக்கு இன்னா?"

"பிரசவந்தான். நாள் இருக்குதுன்னு சொன்னாங்க. மறியல் ரெண்டாம் நாள் காலையில வலி எடுத்துக்கிச்சி." காசிநாதன் சுவரைப் பார்த்தே பேசினான். "மாட்டு வண்டி கட்டிக்கினு கள்ளக்குறிச்சிக்குக் கெளம்புனோம். ஊர் எல்லையிலயே புளியமரம் ரோட்டை அடைச்சிக்கினு கெடந்துச்சு. வண்டி போவல. கட்டில்ல வச்சித் தூக்கிக்கினு, கெளயெல்லாம் வெட்டி ஒதுக்கி, அந்த ஒரு மரத்தைத் தாண்டறதுக்கே ஒரு மணி நேரம் ஆயிடுச்சி."

அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாவது மரத்தருகே கட்டிலை இறக்கி வைத்தபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். குழந்தையும் தங்கவில்லை.

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார்.

"வெளியூர்ல சரிங்க. சொந்த ஊரு எல்லையில, புள்ளத்தாச்சி இருக்கிற ஊர்ல, மரத்தை வெட்டிப் போட எவனுக்கு மனசு வந்துச்சோ."

காசிநாதன் ஏதோ சொல்லப் பார்த்தான்.

"எங்கப்பாதான் வெட்டுனாரு" என்றாள் மணிமொழி.

குரலில் கோபம் இல்லை. காலி டம்ளரை வாங்கக் கையை நீட்டிக்கொண்டேதான் சொன்னாள். மேஸ்திரி டம்ளரைக் கொடுக்க மறந்து நின்றார்.

அவளுக்கு அது தெரியாது என்றுதான் நான்கு மாதமாகக் காசிநாதன் நினைத்திருந்தான். அவனோடு மரம் வெட்டப் போன நான்கு பேரும் அவளிடம் சொல்லவில்லை. ஊரிலும் யாரும் அவள் காதில் போடவில்லை என்று நம்பியிருந்தான். அவன் மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் நின்றான்.

"அப்பா போவமாட்டேன்னுதான் சொன்னாரு. அம்மாதான் கட்டுசோறு கட்டிக் குடுத்து மறியலுக்கு அனுப்புச்சு" என்றாள் அவள். "நான் படிச்சி வேலைக்குப் போவணும்னு."