கீறல் விழாத வண்டி

அவள் கணவர் தன் பழைய காரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். "இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகர டப்பா. இதுதான் இரும்பு" என்பார்.

பொய்யில்லை. ஒருமுறை கேட் தூணில் இடித்தார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. அதே நேரத்தில் வீட்டு அலமாரியில், யார் கையும் படாமல், ஒரு பீங்கான் தட்டு இரண்டாகப் பிளந்தது. போன வாரம் பஸ் ஒன்று பின்னால் மோதியது. அப்போதும் கீறல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

"அதை வித்துடுங்களேன்" என்றாள், மாவுக்கட்டோடு.

"வண்டி மேல ஏன் பழி போடற? உன் உடம்புலதான் தெம்பில்ல."

இன்று சாயங்காலம் காரிலிருந்து போன் செய்தார். மாடியில் மகள் தொம் தொம்மென்று கயிறு தாண்டிக்கொண்டிருந்ததில், அவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. திடீரென்று போனுக்குள் பெரிதாக ஒரு மோதல் சத்தம்.

அவள் கட்டுப் போட்ட கையாலேயே தலை, தோள், கால் என்று தன்னைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருந்தது.

"லாரிக்காரன் இடிச்சுட்டான். பயப்படாத, எனக்கு ஒண்ணுமில்ல. வண்டியிலயும் ஒரு கீறல் இல்ல" என்றார் கணவர்.

இந்த முறை அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.