டிராகன் மலைக்கு யார் வருகிறீர்கள்?

கற்பகவல்லி டீச்சருக்கு ஒன்பதாம் வகுப்பு செய்தது துரோகம். அதுவும் ஹெட்மாஸ்டர் முன்னால்! நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

“பூதக் கதையெல்லாம் பரீட்சையில வருமா?” என்று கேட்கிற அந்த மனிதரிடம் மல்லுக்கட்டி டீச்சர் வாங்கிய கதை பீரியட் அது. இன்று அவரே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் நாளையிலிருந்து அதுவும் கணக்கு பீரியட்.

டீச்சர் கதையைக் குகைவாசலில் நிறுத்தினார்.

“உள்ளே டிராகன். கூட்டாளிகளோட இம்புட்டு தூரம் நடந்து வந்துட்டீங்க. இப்ப குகை பேசுது: ‘உள்ளே வரலாம், திரும்பியும் போகலாம். கட்டாயமில்லை.’ உள்ளே போறவங்க ஜன்னல் பக்கம் நில்லுங்க. திரும்புறவங்க கதவுப் பக்கம். அவங்கவங்க இஷ்டம்.”

முதலில் எழுந்த பாண்டிமீனா கதவுப் பக்கம் போனாள்.

“ஏம்மா, டிராகன்னா பயமா?” ஹெட்மாஸ்டர் கேட்டார்.

“இல்ல சார். வீட்ல தங்கச்சி தனியா இருப்பா. இப்ப சீசன்ல வேலை ஜாஸ்தி, அம்மா வர்ற கம்பெனி வேன் இருட்டித்தான் வரும்.”

“கதையிலகூடவா?” அவர் சத்தமாகச் சிரித்தார்.

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து நாஜியா எழுந்தாள். கதவுப் பக்கம். காளீஸ்வரன். அவனும் கதவுப் பக்கம். பிறகு பெஞ்ச் பெஞ்சாக மொத்த வகுப்பும் அங்கேயே போய் நின்றது. ஜன்னல் பக்கம் காற்றுதான் வந்தது.

டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. “நேத்து வரைக்கும் டிராகனை நான்தான் வெட்டுவேன்னு சண்டை போட்டீங்களேடா!”

ஹெட்மாஸ்டருக்குக் கொண்டாட்டம். “இதுதான் நீங்க சொன்ன சுயவிருப்பமா டீச்சர்? ஒருத்தி போனா அம்புட்டும் பின்னாலேயே போகுது. இதுக்கு ஒரு பீரியட் வேற!”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஏலே காளீஸ்வரா, அவளுக்குத் தங்கச்சி இருக்கா. ஒனக்கு என்னலே?”

“நான் ஒத்தப் பிள்ள சார்.”

“அப்ப யாரு சொல்லி அங்கன போய் நிக்க?”

நாஜியா முந்திக்கொண்டாள்.

“யாரும் சொல்லல சார். டிராகன் நாளைக்கும் அங்கனதான் கெடக்கும். அம்புட்டு தூரமும் இவ ஒத்தையில திரும்பணும்ல? நாங்களாத்தான் துணைக்கு வந்தோம்.”