ஷங்கரின் படகு

ஜூலியாவின் படகு இன்னும் திரையில்தான் இருந்தது.

மைக்கேல்ராஜ் கண்ணில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். மர்பி டவுன் வீட்டின் முன்னறையில், துடுப்புப் போடுவதுபோல் இழுக்கிற ரோயிங் மெஷினின் சங்கிலி கரகரவென்று போய் வந்தது. எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்த செல்போனில் இரண்டு சின்னப் படகுகள். முன்னால் ஜூலியா. பத்து மீட்டர் பின்னால் ஷங்கர்.

ஷங்கர் என்பது அவர்தான்.

அறுபது வயதில் பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு மகள் பின்னால் துடுப்புப் போடுகிற மனிதரை என்னவென்று சொல்வது? அதிலும், மாப்பிள்ளை தருண் இந்து என்பதற்காகக் கல்யாணத்துக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். இந்தப் பெயர் என்றால் யாருக்கும் சந்தேகம் வராதாம்.

மூன்று வருஷமாக அப்பாவும் மகளும் பேசுவதில்லை. அவள் மெல்போர்னில் இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போன அவர் மனைவி மௌரீன், குழந்தைக்கு ஏழு மாதமாகியும் திரும்பி வரவில்லை. போனில் பேசும்போது தண்ணீர் வராததைச் சொல்வார், கேஸ் தீர்ந்ததைச் சொல்வார். ஜூலியா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்க வாய் வராது.

போன வாரம் மௌரீன்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். “சனிக்கிழமை ஜூலி ஏதோ ரோயிங் ரேஸ் பண்றா. இருபத்தோரு கிலோமீட்டராம். அவங்கவங்க வீட்ல இருந்தே பண்ணலாமாம், யாரு வேணா சேரலாமாம்.”

அவர் ம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மெஷினும் ஜூலியா முதல் சம்பளத்தில் வாங்கியதுதான். அவள் போன பிறகு அதில் லுங்கி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் லுங்கிகளை எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். அதன்பின் தினமும் உட்கார்ந்தார்.

திரையில் பக்கத்துப் படகுகள் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ முன்னால் போய் மறைந்துவிட்டார்கள். பின்தங்கினால் இவளும் மறைந்துவிடுவாள். ஜெயிப்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். கடைசிவரை மகளின் படகைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கைப்பிடி வழுக்கியது. தொடை கல்லாகிவிட்டது. உட்கார்ந்த இடம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அலுப்பை ஏமாற்ற ஜெபமாலை சொன்னார். ஓர் இழுப்புக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம். பத்து முடிந்தால் பெரிதாக ஒரு மூச்சு விடலாம் என்று தனக்குத்தானே சலுகை கொடுத்தார். ஆனால் ஆறா ஏழா என்று நடுவில் தப்பிப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

வேகம் குறைந்துகொண்டே வந்தது. அப்படியும் ஜூலியா அதே பத்து மீட்டரில்தான் இருந்தாள்.

காலேஜ் நாளில் மெடல் மெடலாக வாங்கிய பெண். பிள்ளை பெற்ற உடம்பு, அதுதான் தளர்ந்துவிட்டது. மௌரீன் அங்கே போய் ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறாளா இல்லையா? அவருக்குக் கோபம் வந்தது. இந்த வயதிலும் மகளுக்கு ஈடு கொடுக்கிறோமே என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

அப்போது மாதா கோயிலில் மணி அடித்தது. மத்தியானம் பன்னிரண்டு.

மூவேளை ஜெபம். மணி அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். வேலை பார்த்த ஃபேக்டரியில் சூப்பர்வைசர் கத்தக் கத்த மெஷினை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார். லீவு நாளில் வீட்டில் சோறு பரிமாறியிருக்கும். குட்டி ஜூலியாவுக்குப் பசி தாங்காது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் தட்டைப் பார்த்தபடி பக்கத்தில் நின்று, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று நச்சரிப்பாள்.

இப்போது நின்றால் அவள் போய்விடுவாள். எட்டிப் பிடிக்க இந்த உடம்பால் ஆகாது.

ஒருநாள்தானே, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். மணி நிற்கவில்லை. மூன்றாவதற்குக் கை வரவில்லை.

கைப்பிடியை விட்டார். கால் பட்டையை அவிழ்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சிலுவை போட்டுக் கண்ணை மூடி, எப்போதும்போல நிதானமாகச் சொன்னார். இனி அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது? வீடு முழுக்க அவர் குரல் மட்டும் கேட்டது. இத்தனை மாதம் எப்படியோ சமாளித்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் தனியாக இருப்பது தாங்க முடியாமல் இருந்தது.

ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

ஜூலியாவின் படகு அங்கேயே நின்றது. அதே பத்து மீட்டர்.

போன்தான் மாட்டிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தார். திரையின் மேல் மூலையில் போட்டிக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மெல்போர்னில் அப்போது சாயங்காலம் ஐந்தரை. அங்கே எந்தக் கோயிலிலும் மணி அடித்திருக்காது.

படகுகளுக்குக் கீழே ஒரு வரி வந்து விழுந்தது. ஷங்கருக்கு, ஜூலியா எழுதியது.

“முடிஞ்சுதா டாடி?”

அவர் உட்கார்ந்தார். கண்ணீர் மறைத்ததில் கால் பட்டையை மாட்டவே வெகுநேரமானது. கைப்பிடியைத் தேடி எடுத்து ஒருமுறை இழுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் படகும் நகர்ந்தது.