செம்பு தெரிந்த இடம்

“காசை ஏன் சித்தப்பா கட்டிப் போடுறீங்க? ஓடிப் போயிடுமா?”

காய்ச்சலில் கிடந்த அவர் மகள் கேட்டது. அப்போது அவள் குழந்தை.

மஞ்சள் துணியில் வெள்ளி ரூபாயை முடிந்துகொண்டிருந்தவன் அவர் தம்பி சந்தானம். அம்மா அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு ஒன்றாக விட்டுப்போன ரூபாய். பிள்ளை பிழைத்தால் மாரியம்மனுக்கு என்று வேண்டிக்கொண்டான்.

பிழைத்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்குள் நேர்த்திக்கடனைத் தீர்த்துவிட வேண்டும்.

சாமி மாடத்திலிருந்த முடிப்பின் துணி இற்றுப்போயிருந்தது. வேறு துணியில் முடிய, அவர் அவிழ்த்தார்.

காசின் விளிம்பில் ஓர் அரத்தடம். வெள்ளைக்குள் சிவப்பாகச் செம்பு.

அது அவரே போட்ட தடம்.

பழைய கள்ளக்காசுகளைச் சேர்ப்பவர் அவர். எது கிடைத்தாலும் விளிம்பை லேசாக அராவி, உள்ளே என்ன உலோகம் என்று பார்ப்பார். தண்ணீரில் தொங்கவிட்டு எடை போடுவார். ஈயம். தகரம். வெள்ளி பூசிய செம்பு. எவனோ எவரையோ ஏமாற்றியதை எண்ணித் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

மரத்தட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி. ஒரு குழி மட்டும் பல வருடமாகக் காலி. எங்கோ தவறவிட்டதாக நினைத்திருந்தார்.

இன்று சிரிப்பு வரவில்லை.

பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் தம்பி இந்தத் தட்டைத் திறந்திருக்கிறான்.

சாமிக்கென்று.

பிறகு அதே காசைப் புதுத் துணியில் முடிந்து, சாமி மாடத்தில் வைத்தார்.

மாலையில் சந்தானம் வந்தான்.

“என்ன கல்யாணப் பொண்ணே, சித்தப்பனுக்குக் காப்பி கீப்பி உண்டா, இல்ல மாப்பிள்ளைக்கு மட்டும்தானா?”

சாமி கும்பிடப் போனவன் நின்றான்.

“அண்ணே, துணி புதுசா இருக்கு?”

“பழசு இத்துப் போச்சுடா. நான்தான் அவுத்து மாத்துனேன்.”

சந்தானம் கும்பிடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“காலையில நீயே எடுத்து உண்டியல்ல போடு. நீ வேண்டிக்கிட்டதுதானே.”

காப்பி ஆறியது. நகைக்கடைத் தெரு வரை போய்வருவதாகச் சொல்லி எழுந்தான்.

மறுநாள் கோயிலில் சந்தானம் முடிப்பை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணை மூடினான். அந்த முடிச்சு அவர் போட்டதல்ல.

அவர் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, மரத்தட்டைத் திறந்தார்.

காலியாயிருந்த குழியில் காசு இருந்தது.

விளிம்பில், செம்பு.