அப்பா கிழித்த எழுத்து

அப்பா வரைந்த தடித்த எழுத்துகளை எதிர்ச்சாரியில் போகிறவர்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். தலை பெருத்து, காலை அகல ஊன்றி, யாருக்கும் வழிவிடாமல் நிற்கும் எழுத்துகள். ஊரில் பாதிக் கடைப்பலகைகளில் அவைதான். 'ந' மட்டும் கிடையாது. மகள் பிடித்தவனோடு போய்விட்ட அன்று, அவள் பெயரின் முதலெழுத்தை வரைந்திருந்த மாதிரி அட்டையை அப்பா கிழித்து எறிந்தார்; பிறகு அந்த எழுத்தை எழுதவே இல்லை.

அவருக்குப் பின் பலகை எழுதும் கடையை நடத்தும் மகனும் அந்த வீம்பைக் காப்பாற்றினார். நகைக்கடைக்காரர் வந்தபோது, "அந்த எழுத்து எங்ககிட்ட இல்ல, வேற இடம் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அக்கா இறந்த சேதி வந்தபோதும் அவர் போகவில்லை.

இன்று மனைவி கடைக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒருவழியா மனசு இறங்கிட்டீங்களா? நகைக்கடைப் பலகையில அப்படியே மாமா கை."

"நான் எழுதல."

"பின்ன யாரு, மாமா எழுந்து வந்தாரா?"

அவர் போய்ப் பார்த்தார். 'ந'வின் கால், அப்பா போடுவதுபோலவே இடப்பக்கம் சற்று வளைந்திருந்தது. வண்ணம் காயவில்லை. அடுத்த தெருவின் நடைபாதைப் பலகையிலும் அதே எழுத்து. அவர் வீட்டுக்கு எதிரே, நாய் ஜாக்கிரதை என்ற பலகையிலும் அதே ஈரம்.

வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டார். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?"

கதவின் உட்பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராக, தடித்த கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக ஈரத்தோடு எழுந்தன.

'நான்தான் தம்பி, அக்கா.'